ஐயமும் அளவும்

ஐயம் என்பது அறியாமையின் அடையாளம் என்று கருதுவோர் பலர். தயங்காமல் பேசுபவரை அறிஞர் என்றும், தயங்கிப் பேசுபவரை அரைகுறை என்றும் எடைபோடுவது உலக வழக்கமாகிவிட்டது. ஆயின் நம் இலக்கண முதலாசிரியர் அவ்வாறு கருதவில்லை. சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே தொல்காப்பியர் ஐயத்திற்கு இடம் ஒதுக்கி, அதற்கென ஒரு மொழி மரபையும் வகுத்துத் தந்தார்.

அந்தி மயங்கும் நேரம். தொலைவில் ஓர் உருவம் வருகின்றது. மாந்தர் என்பது தெரிகின்றது. ஆணா பெண்ணா என்பது தெரியவில்லை. 'வருகின்றான்' என்றால் பிழையாகலாம்; 'வருகின்றாள்' என்றாலும் பிழையாகலாம். அந்நிலையில் பலர்பாலால் கூறுக என்பது இலக்கண விதி. 'வருகின்றார்' என்னும் சொல் இருவரையும் தன்னுள் அடக்கிக்கொள்ளும். சொல்லின் கூர்மை சற்றுக் குறைந்தது, உண்மை தப்பவில்லை. தெரியாத இடத்தில் வாய்மூடி இருக்கவும் வேண்டாம். தெரிந்ததுபோல் நடிக்கவும் வேண்டாம். உண்மை உள்ளே அடங்குமளவு அகன்ற சொல்லைத் தேர்ந்தெடு என்பதே அவ்விதியின் உட்பொருள்.

இளங்கலை மாணவர்க்கு இவ்விதியைப் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்ற நாம், இதே கோட்பாடு எண்ணின் வடிவில் மற்றொரு துறையிலும் வாழ்கின்றது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் அறிந்தோம். புள்ளியியல் பயிலும் நம் அக்காள் மகள், கலைச்சொற்களுக்குப் பொருள் கேட்டு நம்மிடம் வந்தாள். "மாமா, நம்பிக்கை இடைவெளி என்கிறார்களே, நம்பிக்கையில் எப்படி இடைவெளி வரும்?" என்றாள். தமிழாசிரியரிடம் கேட்கத் தக்க வினாவே அது. விடை தேடி அவளுடைய பாடநூலைப் படிக்கத் தொடங்கினோம். அப்படிப்பு நம் குடும்ப வரலாறு வரை நம்மை இட்டுச் செல்லும் என்று அன்று எண்ணவில்லை.

ஒரு சோறும் ஒரு பானையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. கூறெடுப்பு முறையின் சாரம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. ஆயினும் இப்பழமொழிக்குள் சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. பானையை நன்றாகக் கிளறியிருக்க வேண்டும். மேலே மிதக்கும் பருக்கையை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்தால் அடியில் குழைந்திருப்பது தெரியாது.

நம் நன்னா நெல் மண்டி நடத்தியவர். மூட்டைகள் வந்து இறங்கியதும் குத்தூசியை எடுத்து, சாக்கின் மேற்புறம், நடுப்புறம், அடிப்புறம் என்று இடம் மாற்றி மாற்றிக் குத்துவார். உள்ளங்கையில் விழுந்த நெல்லை ஊதிப் பதர் பார்ப்பார். ஒன்றிரண்டைக் கடித்து ஈரம் பார்ப்பார். கொண்டுவந்தவர் தாமே அவிழ்த்துக் காட்டும் மூட்டையை அவர் ஒருபோதும் சோதித்ததில்லை. தாம் கைகாட்டிய மூட்டையைத்தான் அவிழ்க்கச் சொல்வார். அரிசி எவ்வளவு தேறும் என்று கேட்டால் ஒற்றை எண்ணை அவர் வாயிலிருந்து வாங்க இயலாது. "இத்தனை படிக்குக் குறையாது, இத்தனைக்கு மேல் ஏறாது" என்பார். பள்ளியிறுதி வகுப்பைக் காணாத அவர் கூறிய 'குறையாது', 'ஏறாது' என்னும் இரு எல்லைகளையே கீழெல்லை, மேலெல்லை என்று பாடநூல் கூறுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு நகரின் கல்லூரி மாணவருள் எத்தனை விழுக்காட்டினர் பாடநூல் அல்லாத நூல்களைப் படிக்கின்றனர் என்று அறிய விரும்புகின்றோம். அனைவரையும் கேட்க இயலாது. குலுக்கல் முறையில் 400 பேரைத் தேர்ந்து கேட்கின்றோம். 240 பேர் படிப்பதாகக் கூறுகின்றனர். அஃதாவது 60 விழுக்காடு. வேறு 400 பேரைக் கேட்டிருந்தால் 58 வந்திருக்கலாம், 63 வந்திருக்கலாம். இவ்வாறு கூறுக்குக் கூறு மாறும் ஊசலாட்டத்தின் அளவே திட்டப்பிழை எனப்படும். இங்கே அது ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு. அதனை இரண்டால் பெருக்கி, கிடைத்த விடைக்குக் கீழும் மேலும் வைத்தால் 55 முதல் 65 வரை என்னும் இடைவெளி பிறக்கின்றது. அறுபது என்று அறுதியிட்டுக் கூறாமல், ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் இடையே என்று கூறுவதே நேர்மை. இடைவெளியைப் பாதியாகக் குறுக்க வேண்டுமானால் இருமடங்கு பேரைக் கேட்டால் போதாது. நான்கு மடங்கு, அஃதாவது 1600 பேரைக் கேட்க வேண்டும். துல்லியத்தின் விலை அவ்வளவு.

இம்முறைக்கு உறுதியான கணித அடித்தளம் அமைத்தவர் யெர்சி நேமன் என்னும் போலந்து நாட்டு அறிஞர். இலண்டனில் பணியாற்றியபோது 1937-இல் வெளியிட்ட கட்டுரையில் நம்பிக்கை இடைவெளிக் கோட்பாட்டை அவர் விரிவாக நிறுவினார். நம் நாட்டில் பேராசிரியர் மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கி, வங்காளத்துச் சணல் விளைச்சலைக் கூறெடுப்பு முறையால் கணக்கிட்டுக் காட்டினார். வயல் ஒவ்வொன்றையும் அளப்பதைக் காட்டிலும், முறையாகத் தேர்ந்த சில வயல்களைக் கவனமாக அளப்பது குறைந்த செலவில் நல்ல விடை தரும் என்பதை அவர் மெய்ப்பித்தார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அப்பணியின் விளைவேயாகும்.

கோப்பைகள் எட்டு

இடைவெளி ஒரு கண் என்றால் கருதுகோள் சோதனை மறு கண். அதனை விளக்க அறிஞர் ரொனால்டு ஃபிஷர் கையாண்ட எடுத்துக்காட்டு, எளிமையால் உலகப் புகழ் பெற்றது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920-களில் ஃபிஷரோடு பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல் என்னும் பெண் அறிஞர், தேநீரில் பாலை முன்னர் ஊற்றினார்களா பின்னர் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்றாராம். இதனை எவ்வாறு சோதிப்பது?

1935-இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு நூலில் ஃபிஷர் வழி கூறினார். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முன். நான்கில் பால் பின். குலுக்கல் முறையில் வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும். பால் முன் ஊற்றிய நான்கினை அவர் பிரித்துக் காட்ட வேண்டும். தொடக்கத்தில் நாம் கொள்ளும் கருத்து, 'இவருக்கு அத்தகைய ஆற்றல் எதுவும் இல்லை' என்பது. இதுவே இன்மைக் கருதுகோள். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 70. அவற்றுள் ஒன்றே முழுவதும் சரியானது. ஆற்றல் இல்லாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. நூற்றுக்கு ஒன்றரையைவிடவும் குறைவு. நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டால், ஒன்று அரிய தற்செயல் நேர்ந்திருக்க வேண்டும், அல்லது நம் இன்மைக் கருதுகோள் தவறாக இருக்க வேண்டும். மூன்று சரி, ஒன்று தவறு என்றால்? மூன்றோ அதற்கு மேலோ சரியாக வரும் வழிகள் எழுபதில் பதினேழு. நூற்றுக்கு இருபத்து நான்கு. நான்கு முறைக்கு ஒரு முறை தற்செயலாகவே நிகழக்கூடிய ஒன்றைச் சான்றாகக் கொள்ள இயலாது.

நம் கவனத்தை ஈர்த்தது ஒன்றுண்டு. அந்நூலில் சோதனையின் முடிவை ஃபிஷர் கூறவேயில்லை. அம்மையார் வென்றாரா தோற்றாரா என்பதைவிட, எத்தனை சரியானால் ஏற்பது என்பதைக் கோப்பையைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர் கற்பிக்க விரும்பிய பாடம். விடையைப் பார்த்த பின் அளவுகோலை வெட்டி ஒட்டுபவர் ஆய்வாளர் ஆகார்.

இருபதில் ஒன்று, அஃதாவது ஐந்து விழுக்காடு என்னும் எல்லையும் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலில் வசதி கருதிக் குறித்ததேயாகும். அது வானிலிருந்து இறங்கிய விதியன்று. எல்லைக்கு இப்புறம் உண்மை, அப்புறம் பொய் என்று கோடு கிழித்துக்கொள்வது பிற்காலத்தார் செய்த எளிமைப்பாடு.

நம் வீட்டுக்கு வந்த ஆய்வு

காசநோய் என்றாலே ஊர் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. நோயாளியை நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் கிடைக்கும் காசநோய் மருத்துவமனையில் ஓராண்டேனும் தங்கவைக்க வேண்டும் என்பது அன்றைய மருத்துவ மரபு. ஆனால் நோயாளிகளோ பல இலட்சம்; படுக்கைகளோ சில ஆயிரம்.

இந்நிலையில் 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை ஒன்றுகூடி அமைத்த மையம் அது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு சேத்துப்பட்டில் விளங்குகின்றது. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் முன்னின்று நடத்திய முதல் ஆய்வு, எளிய வினா ஒன்றை எழுப்பியது. ஒரே மருந்தை வீட்டிலிருந்தபடி உட்கொண்டால் என்ன? நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவமனையில் தங்கினர். மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே இருந்தனர். யாரை எங்கு அனுப்புவது என்பதை மருத்துவரின் இரக்கமோ நோயாளியின் செல்வாக்கோ முடிவு செய்யவில்லை. குலுக்கல் முடிவு செய்தது. மூட்டையைத் தாமே தேர்ந்தெடுத்த நன்னாவின் முறையை இங்கே நினைவுகூரலாம்.

1959-இல் உலக நலவாழ்வு நிறுவன இதழில் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்கள் மருத்துவமனையில் இருந்தவர்களைவிட எளிய உணவை உண்டனர், ஓய்வும் குறைவு. எனினும் மருந்தின் பயன் ஏறத்தாழ ஒத்த அளவில் இருந்தது. அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த உறவினர்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய ஆய்வு அது. 1962-இல் நம் நாட்டில் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் இல்லச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது.

இரண்டாண்டு கழித்து, 1964-இல், நம் நன்னிமாவுக்குக் காசநோய் என்று தெரியவந்தது. நம் அம்மாவுக்கு அப்போது மூன்று வயது. உறவினர் கூடிப் பேசினர். தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதே குழந்தைக்கு நல்லது என்றார் ஒருவர். அனுப்பினால் திரும்பி வருவதேது என்று அழுதார் மற்றொருவர். வாசற்படியைத் தாண்டி அறியாத நன்னிமா ஒன்றும் பேசவில்லையாம்; குழந்தையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாராம். மாவட்ட அரசு மருத்துவமனை மருத்துவர்தான் முடிவு சொன்னார். "வீட்டில் இருக்கட்டும். மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார்.

ஓராண்டுக் காலம் நாள்தோறும் கைநிறைய மாத்திரைகள். வயிற்றைப் புரட்டும், உணவு செல்லாது. நன்னா மண்டியிலிருந்து நண்பகலில் எழுந்து வந்து, எதிரே அமர்ந்து, விழுங்கிய பின்புதான் திரும்புவாராம். நன்னிமா நலமடைந்தார். அம்மாவுக்கு நோய் தொற்றவில்லை. நாம் அந்த நன்னிமாவின் மடியில் கதை கேட்டு வளர்ந்தோம். 1998-இல் அவர் மறையும்வரை, சென்னையில் நிகழ்ந்த குலுக்கல் ஒன்று தம் மடியிலிருந்த குழந்தையைத் தம்மிடமே விட்டுவைத்தது என்பதை அவர் அறிந்திலர். அக்காள் மகளின் பாடநூலைப் புரட்டிய பின் நாமே அதனைத் தேடி அறிந்தோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். நன்னிமா பிழைத்தார் என்பதால் இல்லச் சிகிச்சை சிறந்தது என்று நிறுவப்பட்டுவிடாது. அதே ஆண்டில் வீட்டிலிருந்தபடி மருந்துண்டும் மறைந்த தாய்மார் இருந்திருப்பர். அவர்களின் பேரப்பிள்ளைகள் வேறு கதை எழுதக்கூடும். ஒரு வீட்டின் கதை நெஞ்சைத் தொடும். ஆனால் அது ஒரு பருக்கைதான். கிளறிய பானையின் விடை சென்னை ஆய்வில் இருந்தது. அந்த விடை நம் வீட்டுக்கு வந்தது. ஆய்வு உண்மை என்பதற்கு நம் வீடு சான்றன்று. அதன் பயனை நுகர்ந்த வீடுகளுள் ஒன்று, அவ்வளவே.

சுழியம் அடங்கிய இடைவெளி

ஏறத்தாழ ஒத்த அளவு என்றோமே, அதன் பொருளை எண்ணிப் பார்ப்போம். இனிவரும் எண்கள் விளக்கத்திற்காக நாம் அமைத்தவை. அவ்வாய்வின் எண்கள் அல்ல. மருத்துவமனையில் நூற்றுவர், வீட்டில் நூற்றுவர். முன்னவருள் 90 பேரும் பின்னவருள் 86 பேரும் நலமடைந்தனர் என்று கொள்வோம். வேறுபாடு நான்கு. கணக்கிட்டால் அவ்வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளி, கீழே ஐந்து குறைவு என்பதில் தொடங்கி மேலே பதின்மூன்று மிகுதி என்பது வரை நீள்கின்றது. நடுவே சுழியம் அடங்கியுள்ளது. ஆகவே 'வேறுபாடு இல்லை' என்னும் இன்மைக் கருதுகோளை மறுக்க இயலாது.

மறுக்க இயலாது என்பதும் மெய்ப்பிக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. அந்த இடைவெளிக்குள் சுழியம் மட்டுமா இருக்கின்றது? பதின்மூன்றும் இருக்கின்றது. நூற்றுக்குப் பதின்மூன்று உயிர்கள் என்றால் அது சிறிய எண்ணா? 'வேறுபாடு காணப்படவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதிச் செல்பவர் இதனை மறைத்துவிடுகின்றார். இடைவெளியை எழுதுபவரோ தாம் அறிந்ததையும் அறியாததையும் ஒருங்கே முன்வைக்கின்றார்.

இனி, இதே விழுக்காடுகள் பிரிவுக்கு ஆயிரம் பேரிடம் கிடைத்தன எனக் கொள்வோம். இடைவெளி ஏறத்தாழ ஒன்று முதல் ஏழு வரை எனச் சுருங்கும். சுழியம் வெளியேறிவிட்டது. வேறுபாடு உண்டு என்று துணிந்து கூறலாம். ஆனால் அவ்வேறுபாட்டுக்காக ஆயிரம் தாய்மாரை ஓராண்டு பிள்ளைகளிடமிருந்து பிரிக்கலாமா? படுக்கை கிடைக்காத பல்லாயிரவர் காத்திருக்க வேண்டுமா? அவ்வினாக்களுக்குக் கணக்கு விடை சொல்லாது. வேறுபாடு உண்டா என்பது ஒரு வினா. அது எவ்வளவு என்பது மற்றொன்று. அதற்காக எதை இழக்கலாம் என்பது மூன்றாவது. முதலிரண்டும் புள்ளியியலுக்கு உரியவை. மூன்றாவது நம் மனச்சான்றுக்கு உரியது.

நம்பிக்கை என்னும் சொல்

அக்காள் மகளின் வினாவுக்கு வருவோம். தமிழில் நம்பிக்கை என்னும் சொல் பெருஞ்சுமை தாங்குவது. ஈமானையும் நம்பிக்கை என்கின்றோம். நட்பின் உறுதியையும் நம்பிக்கை என்கின்றோம். நாளை மழை வரும் என்னும் எதிர்பார்ப்பையும் அவ்வாறே சொல்கின்றோம். ஈமானுக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் இல்லை. அது விழுக்காட்டால் அளக்கப்படுவதன்று. புள்ளியியலார் இச்சொல்லைக் கொண்டு குறிப்பது முற்றிலும் வேறு பொருள். ஒரு துறையின் சொல்லை மற்றொரு துறையின் பொருளோடு மயக்கினால் இரண்டுக்கும் தீங்கு.

தொண்ணூற்றைந்து விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி என்றால், உண்மை இந்த இடைவெளிக்குள் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று பலரும் பொருள் கொள்கின்றனர். நேமன் கூறியது அதுவன்று. உண்மை ஓரிடத்தில் அசையாமல் நிற்கின்றது. அசைவது நாம் வீசும் வலை. இருள் சூழ்ந்த குளத்தில், கட்டி வைத்த மீன் ஒன்றை நோக்கி நூறு முறை வலை வீசினால் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து முறை அகப்படும் என்பதே அவ்வெண்ணின் பொருள். இப்போது வீசிய இந்த வலையில் மீன் உண்டு, அல்லது இல்லை. இருள் நீங்காதவரை நமக்குத் தெரியாது. நம்பிக்கை வைப்பது வலை வீசும் முறையின்மீது. இந்த ஒரு வீச்சின்மீது அன்று. எனவே 'நம்பகம்' என்னும் சொல் இதற்கு இன்னும் பொருந்தும் என்பது நம் கருத்து. துறை வல்லார் ஆராய்க.

கருதுகோள் சோதனையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. கிடைத்த நிகழ்தகவு நூற்றுக்கு மூன்று என்றால், இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பு மூன்று விழுக்காடு என்று எழுதிவிடுகின்றனர். அவ்வாறு பொருள்கொள்ளலாகாது என்று அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016-இல் அறிக்கை வெளியிட்டு எச்சரிக்க நேர்ந்தது. கருதுகோள் உண்மையானால் இத்தகைய தரவு எவ்வளவு அரிது என்பதையே அவ்வெண் காட்டுகின்றது. 'மழை பெய்தால் தரை ஈரமாகும்' என்பதும் 'தரை ஈரமானால் மழை பெய்தது' என்பதும் வேறு வேறு வாக்கியங்கள் என்பதைத் தமிழ் மாணவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அவையில் அமர்வோர்க்கு

நேமனும் எகான் பியர்சனும் 1928 முதல் 1933 வரை எழுதிய கட்டுரைகளில் முடிவெடுப்போர் செய்யக்கூடிய பிழைகளை இரண்டாக வகுத்தனர். குற்றமற்றவரைத் தண்டிப்பது போன்றது ஒன்று. குற்றவாளியை விடுவிப்பது போன்றது மற்றொன்று. கையிலுள்ள சான்றின் அளவு மாறாதபோது, ஒன்றைக் குறைத்தால் மற்றது வளரும். இரண்டையும் குறைக்க ஒரே வழி, சான்றை மிகுதியாகத் திரட்டுவது.

சிலப்பதிகாரம் படித்த நமக்கு இது புதிதன்று. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் சான்றாகக் கொண்டு கோவலனுக்குக் கொலைத் தண்டனை விதித்தான் பாண்டியன். சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்னும் சோதனை நடந்தது. ஆனால் தண்டனை நிறைவேறிய பின் நடந்தது. சோதனை முன்னும் தீர்ப்புப் பின்னும் நிகழ்ந்திருந்தால் மதுரை எரிந்திராது. குற்றமற்றவர் என்று தொடங்கி, மறுக்க இயலாத சான்று வரும்வரை அந்நிலையில் நிற்பதே இன்மைக் கருதுகோளின் அறம்.

ஊர்ப் பெரியோர்களிடம் இவ்விடத்தில் ஒரு விண்ணப்பம். தமிழ்வழியில் படித்து வந்தவர்க்குக் கணக்கு வராது என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். சான்றாக அவர் காட்டுவது, ஆங்கிலவழியில் பயின்ற பத்துப் பேருள் அறுவரும், தமிழ்வழியில் பயின்ற பத்துப் பேருள் நால்வரும் தேர்ச்சி பெற்றனர் என்பது. இருபது பேருள் தேர்ந்தவர் பத்துப் பேர். பயிற்றுமொழிக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று வைத்து, இவர்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துப் பத்தாகப் பிரித்தால், ஐந்துக்கு ஐந்து என்று சமமாக அமைவது நூற்றுக்கு முப்பத்து நான்கு முறைதான். எஞ்சிய அறுபத்தாறு முறையும் ஆறுக்கு நான்கோ அதனினும் பெரிய வேறுபாடோ தற்செயலாகவே தோன்றும். மூன்றில் இரண்டு முறை தானாகத் தோன்றும் ஒன்றைக் கொண்டு ஒரு மொழியின்மீதும் அதில் பயின்ற ஒரு தலைமுறையின்மீதும் தீர்ப்பு எழுதலாமா?

ஒரு வீட்டுப் பெண் படிப்பை இடையில் நிறுத்தினாள் என்பதற்காக அடுத்த வீட்டுப் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்குவதும் இவ்வகையினதே. பத்துக்குப் பத்து வைத்தும் துணிய இயலாத ஒன்றை, ஒரே ஒருத்தியைக் கொண்டு எவ்வாறு துணிவது? அப்பெண்களுள் ஒருத்தியாக நம் அக்காள் மகளும் இருந்திருக்கக் கூடும். நல்வாய்ப்பாக, அவளுடைய அத்தா பிறர் வீட்டுப் பருக்கையைக் கொண்டு தம் வீட்டுப் பானையை அளக்கவில்லை.

நூலாராய்ச்சியில் எண்

மொழியும் எண்ணும் பகைவர் என்று எண்ணுவோரும் உளர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, மறைமொழியில் எழுதிய ஓலைகளைப் படிக்க ஒரு வழி கண்டார். ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை பயில்கின்றது என்று எண்ணி, அவ்வளவோடு மறைமொழியின் குறியீடுகளை ஒப்பிடுவதே அது. எழுத்தெண்ணிப் படித்தல் என்று நாம் புகழ்ந்து கூறுவதை அவர் மெய்யாகவே செய்தார். 1964-இல் மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் இருவர், அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து எழுந்த கட்டுரைத் தொகுதியில் ஆசிரியர் யாரென்று வழக்குக்குரிய பன்னிரண்டு கட்டுரைகளை ஆராய்ந்தனர். பெரிய கருத்துகளை அவர்கள் நோக்கவில்லை. இடைச்சொல் போன்ற சிறு சொற்கள் ஆயிரம் சொல்லுக்கு எத்தனை முறை வருகின்றன என்று எண்ணினர். அவை ஹாமில்டன் எழுதியவை அல்ல, மாடிசன் எழுதியவை என்பதே சான்றின் பக்கம் என்று காட்டினர்.

இடைச்செருகல் என்றும் பிற்காலத்துப் பாடல் என்றும் நாம் எத்தனையோ தீர்ப்புகளை ஓசையை மட்டும் செவிமடுத்து வழங்கி வருகின்றோம். புலமை மிக்க செவியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அச்செவியோடு எண்ணும் துணைநின்றால், 'இது பிற்காலத்தது' என்பதோடு 'இவ்வளவு உறுதியோடு கூறுகின்றோம்' என்பதையும் சேர்த்து எழுதலாம். கணினி கைவசமுள்ள இக்காலத்து ஆய்வு மாணவர்க்கு இது எட்டாத கனியன்று. தமிழ்த்துறையும் புள்ளியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பது அதற்கு எளிதில் வாய்த்த நல்வாய்ப்பு.

மாணவச் செல்வங்களே! எவரேனும் ஒற்றை எண்ணைக் கூறி உங்களை வாயடைக்க முயன்றால், எத்தனை பேரைக் கேட்டீர் என்று கேளுங்கள். அவர்களை யார் தேர்ந்தெடுத்தது என்று கேளுங்கள். அந்த எண்ணுக்குக் கீழும் மேலும் எவ்வளவு இடம் விட்டிருக்கின்றீர் என்றும் கேளுங்கள். நீங்கள் முடிவு கூறும் இடத்தில் அமரும் நாள் வரும். அன்று இதே வினாக்களை முதலில் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஒரு சொல்லால் ஒரு தாய் பிள்ளையைப் பிரியவும் கூடும், பிரியாதிருக்கவும் கூடும்.